ஊரின் அளவே கப்பலின் அளவு

கடற்கரைப் பட்டணம் ஒன்றைக் காண விரும்புகிறவர் கடல் மார்க்கமாகவே அதனுள் பிரவேசிக்க வேண்டும் என்று சொன்னால், அது ரசிகர்களின் அலங்காரப் பேச்சென்று தோன்றக்கூடும். ஆனால் அட்ரியாட்டிக் கடலின் கீழ்க்கரையில், இன்று குரோஷியா தேசத்தைச் சேர்ந்ததாக விளங்கும் டால்மேஷியப் பிரதேசத்தைப் பொறுத்தமட்டில், அது பூகோளமும் சரித்திரமும் கூடி விதித்த நியதியாகும். கரையிலிருந்து எடுத்த எடுப்பிலேயே 1,762 மீட்டர் உயரத்துக்கு எழும் பியோகோவோ போன்ற சுண்ணாம்புக்கல் மலைகள் உள்நாட்டை மறைத்துக்கொண்டு நிற்க, மலையடிவாரத்துக்கும் தண்ணீருக்கும் இடையே கிடைத்த சொற்ப நிலத்தில் ஒட்டி வளர்ந்த அந்த ஊர்களுக்கு, 1960களில் கடலோர நெடுஞ்சாலை போடப்படும் வரையில், படகும் கப்பலுமே பிரதான வாகனங்களாக இருந்தன. கோட்டை வாயிலும் சந்தைச் சதுக்கமும் சுங்கச் சாவடியும் பெரும்பாலும் கடலைப் பார்த்தே அமைந்திருப்பதால், சாலை வழியாக வருகிறவன், திண்ணையும் தெருவாசலும் உள்ள வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைந்தவனைப் போல, ஊரின் முதுகைத்தான் முதலில் பார்க்கிறான்.

அந்தக் கரையோரமாக, முப்பது நாற்பது பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு, பகலில் ஓடி, இரவில் பழம்பட்டணங்களிலே தங்கிச் செல்லும் சிறு கப்பல்களின் யாத்திரை நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதே கடலில், ஆயிரக்கணக்கானோரைச் சுமந்த பெருங்கப்பல்களும் வந்து, சில மணி நேரம் நின்று, புறப்பட்டுப் போகின்றன. இவ்விரண்டும் உல்லாசப் பிரயாணம் என்ற ஒரே பெயரால் வழங்கினாலும், இவற்றால் ஊருக்கு விளையும் பலன்கள் முற்றிலும் வெவ்வேறானவை. சரித்திரப் பிரசித்தி பெற்ற ஓர் ஊருக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைக் கப்பல் கம்பெனியின் கணக்குப் புத்தகம் தீர்மானிக்கலாகாது. அவ்வூரின் தெருவும் துறையும் குடிகளுமே தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு டால்மேஷியாவைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

சிறு கப்பலுக்கு முதலில் இடங்கொடுத்தது இயற்கை. கரைக்கு இணையாக ஓடிய மலைத்தொடர்களுக்கு இடையே இருந்த பள்ளத்தாக்குகளில், கடைசிப் பனியூழி முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, தண்ணீர் புகுந்தது. பள்ளத்தாக்குகள் கால்வாய்களாகவும் மலைமுகடுகள் நீண்ட தீவுகளாகவும் ஆயின. திட்டுகளையும் பாறைகளையும் சேர்த்து எண்ணினால் குரோஷியக் கரை முழுவதிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய தீவுகளில் ஏறக்குறைய ஐம்பதில்தான் மக்கள் குடியிருக்கிறார்கள். ஆயினும் வெளிக்கடலின் அலைவேகத்தைத் தாங்கிக்கொண்டு உட்கடலை அமைதியாக வைத்திருக்கும் உபகாரத்தை, ஆளற்ற பாறையும் செய்யத் தவறுவதில்லை. ஓதத்தின் ஏற்ற இறக்கமும் அங்கே அற்பம். அரை மீட்டரைக்கூட எட்டாத நாட்களே அதிகம். ஆகையால் ஊர்ச் சதுக்கத்தின் விளிம்பிலேயே கல்லால் துறை கட்டி, வீட்டு வாசற்படிக்கு அருகில் படகைக் கட்டிப் போடுவது அக்கரையோருக்குச் சாத்தியமாயிற்று. குளிர்காலத்தில் மலையிலிருந்து சீறி இறங்கும் பூரா என்னும் வாடைக்காற்றுக்கு மாலுமிகள் அஞ்சுவார்கள். கோடையின் பிற்பகலில் கடலிலிருந்து வீசும் மாயிஸ்த்ரால் என்னும் இதமான காற்றையோ பாய்மரத்துக்கும் உடம்புக்கும் வரப்பிரசாதமாகக் கொண்டாடுவார்கள்.

இனி, அக்கப்பல்களின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்ப்போம். ஒரு காலத்தில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் கல்லும் மணலும் ஏற்றித் தீவுக்குத் தீவு ஓடிக்கொண்டிருந்த மரக்கலங்கள், லாரிகளும் பாலங்களும் வந்து பிழைப்பைப் பறித்துக்கொண்டபின், சரக்கறையைப் படுக்கையறைகளாகத் தடுத்து, மனிதர்களை ஏற்றத் தொடங்கின. இன்று புதிதாகக் கட்டப்படும் இரும்புக் கப்பல்கள் அவற்றைவிடப் பெரியவை, சௌகரியமானவை. என்றாலும் பல கப்பல்கள் இன்னும் ஒரு குடும்பத்தின் சொத்தாகவே இருந்துவருகின்றன. ஸ்பிலிட் நகருக்குத் தென்கிழக்கே உள்ள க்ரிலோ யெசெனிட்சே என்ற சிற்றூரில் அத்தகைய கப்பற்காரக் குடும்பங்கள் மிகுதி. தகப்பன் சுக்கான் பிடிக்க, மகன் கயிறு வீச, உறவினர் ஒருவர் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் கலங்கள் அங்கே அதிசயமல்ல.

யாத்திரை பொதுவாகச் சனிக்கிழமை தொடங்கி மறு சனிக்கிழமை முடியும். காலை ஆகாரம் ஆனதும் கப்பல் புறப்படும். நடுப்பகலில் ஏதேனும் ஒரு குடாவில் நங்கூரமிட, பிரயாணிகள் குதித்து நீந்துவார்கள். மத்தியானச் சாப்பாடு கப்பலில். சாயங்காலம் அடுத்த பட்டணம். அங்கே துறையில் இடம் போதாமையால், முதலில் வந்த கப்பல் கரையோடு கட்டிக்கொள்ள, பின்னால் வருகிறவை ஒன்றன் விலாவோடு ஒன்றாக அணைத்துக் கட்டிக்கொள்ளும். கடைசிக் கப்பலின் பிரயாணி கரையேற வேண்டுமானால், நான்கைந்து கப்பல்களின் தளங்களைக் கடந்து, துணி உலர்த்திக்கொண்டிருப்பவருக்கும் சீட்டாடிக்கொண்டிருப்பவருக்கும் நடுவே வழி கேட்டுக்கொண்டு, தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். இராச் சாப்பாடு பெரும்பாலான நாட்களில் கப்பலில் கிடையாது. இந்தச் சிறிய ஏற்பாட்டில்தான் எவ்வளவு பெரிய பொருளாதாரத் தத்துவம் அடங்கியிருக்கிறது! பசித்தவர்கள் ஊருக்குள் போகிறார்கள். ஊர்க்காரன் பிடித்த மீனையும், பக்கத்துத் தீவில் விளைந்த திராட்சையின் ஒயினையும் விலைகொடுத்து வாங்குகிறார்கள். பகற்கூட்டம் கலைந்தபின் ஊர் தன் சொந்த முகத்தோடு இருக்கும் அந்த வேளையில், அவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

அவ்விதம் போகிறவர் காணும் ஊர்கள் எத்தகையவை? ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன், 305-ஆம் ஆண்டில் தாமாகவே முடிதுறந்து, ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தாம் பிறந்த பகுதியிலே கட்டிக்கொண்ட அரண்மனைதான் இன்றைய ஸ்பிலிட் நகரத்தின் நடுப்பகுதி. எதிரேயுள்ள ப்ராச் தீவின் வெண்கல்லால் எழுந்த அதன் தென்மதிலை அந்நாளில் கடலலைகளே வந்து மோதின. ஏழாம் நூற்றாண்டில் அவார்களும் ஸ்லாவியரும் படையெடுத்து அருகிலிருந்த சலோனா என்னும் மாநகரை அழித்தபோது, ஓடிவந்த ஜனங்கள் பாழடைந்து கிடந்த அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்து, தாழ்வாரங்களைத் தெருக்களாகவும் தூண்களின் இடைவெளிகளை வீடுகளாகவும் மாற்றிக்கொண்டனர். கிறிஸ்தவர்களைக் கொடூரமாக ஒடுக்கிய அந்த மன்னனின் சமாதி மண்டபமே, அவன் காலத்தில் கொல்லப்பட்ட ஓர் ஆயரின் பெயரால் தேவாலயம் ஆயிற்று. காலத்தின் பரிகாசத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமோ? 1,700 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மதிலுக்குள் குடித்தனங்கள் உண்டு. சக்கரவர்த்தியின் ஜன்னலுக்குக் கீழே இன்றும் சட்டை உலர்கிறது.

வடக்கே ஷிபெனிக் நகரத்துக்குப் போகும் கப்பல், இருபுறமும் பாறை நெருங்கிய ஒரு நீர்வழியில், முகத்துவாரத்தைக் காக்கும் வெனிஸ் காலத்துக் கோட்டையைக் கடந்துதான் நுழைய வேண்டும். 1431-ல் தொடங்கி 1535-ல் முடிந்த அவ்வூர்த் தேவாலயத்தின் கூரையும் கும்மட்டமும்கூடக் கல்லே. மரமின்றி, கற்பலகைகளை ஒன்றோடொன்று பொருத்திச் செருகிய வேலை. அதன் பின்சுவரைச் சுற்றி, தலைமைச் சிற்பியான யூராய் டால்மாட்டினாட்ஸ் எழுபதுக்கும் மேற்பட்ட மனிதத் தலைகளை வரிசையாகச் செதுக்கவைத்தார். அவை தேவர்களின் முகங்களுமல்ல, அரசர்களின் முகங்களுமல்ல. துறைமுகச் சந்தையில் அன்றாடம் நடமாடிய கிழவர், வாலிபர், தலைப்பாகைக்காரர் ஆகியோரின் சாயல்கள். அவசரமாக வந்துபோகிறவன் ஆலயத்தின் முன்வாயிலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவான். பின்புறம் சுற்றிவந்து அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு அவகாசம் வேண்டும்.

ஹ்வார் தீவில் கி.மு. 384-ல் கிரேக்கக் குடியேறிகள் அளந்து பிரித்த வயல்களின் கல்வரப்புகள் ஸ்டாரி கிராட் சமவெளியில் இன்றும் எல்லைகளாக நிற்கின்றன. அவற்றுக்குள் இன்றும் திராட்சையும் ஆலிவும் பயிராகின்றன. அதே தீவின் ஹ்வார் நகரத்தில், போர்க்கலங்களைப் பழுது பார்த்த ஆயுதசாலையின் மாடியில் 1612-ல் திறக்கப்பட்ட நாடகசாலை, பிரபுக்களும் சாமானியரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து நாடகம் பார்த்த இடம் என்ற வகையில் ஐரோப்பாவிலேயே முற்பட்டவற்றுள் ஒன்று. அதற்கு நூறாண்டு முன்பு அத்தீவில் குடிமக்கள் பிரபுக்களை எதிர்த்துக் கலகம் செய்து இரத்தம் சிந்தியிருந்தார்கள் என்பதை நினைவிற்கொண்டால், அந்த நாடகசாலையின் மகத்துவம் விளங்கும்.

கோர்ச்சுலாவுக்கு வருவோம். கடலுக்குள் நீட்டிய சிறு மேட்டின்மீது, நடுவே ஒரு தெருவும் அதிலிருந்து இருபுறமும் சரிந்திறங்கும் குறுக்குத் தெருக்களுமாக, மீன்முள் அமைப்பில் இவ்வூரை வகுத்திருக்கிறார்கள். மேற்கே இறங்கும் தெருக்கள் நேரானவை. கோடையின் கடற்காற்று தங்குதடையின்றி ஊருக்குள் ஏறிவர வேண்டும் என்பதற்காக. கிழக்கே இறங்குபவை வளைந்தவை. குளிர்காலத்து வாடை உள்ளே பாயாதிருக்க வேண்டும் என்பதற்காக. சாஸ்திரம் கற்ற நகர நிர்மாணிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, காற்றின் சுபாவத்தை அறிந்த மாலுமிகளும் கல்தச்சர்களும் சேர்ந்து செய்த வேலை இது. மார்க்கோ போலோ தங்கள் மண்ணில் பிறந்தவர் என்று இவ்வூரார் கொண்டாடும் உரிமைக்குத் தக்க ஆதாரம் இல்லை. ஆனால் 1298-ல் இத்தீவின் அருகே ஜெனோவாவின் கப்பற்படை வெனிஸின் கப்பற்படையை முறியடித்தது சரித்திரம். அந்தப் போர்க்காலத்தில் ஜெனோவாவின் சிறையில் இருந்தபடி மார்க்கோ போலோ சொல்ல, ருஸ்டிசெல்லோ என்பவர் எழுதிய யாத்திரை விருத்தாந்தத்தில்தான், பாண்டி நாட்டுக் காயல் துறையில் குதிரைக் கப்பல்கள் வந்திறங்கிய செய்தி உலகுக்குக் கிடைத்தது. இந்தக் கோர்ச்சுலா நகரத்தில் இன்று வசிப்பவர்கள் மூவாயிரம் பேருக்கும் குறைவு. ஏழாயிரம் பிரயாணிகளை ஏற்றவல்ல கப்பல்கள் உலகில் ஓடும் இக்காலத்தில், காற்றுக்கே அளவு பார்த்துத் தெரு வகுத்த ஊர் மனிதர்களுக்கு அளவு பார்க்கலாகாதா?

அளவு பார்க்கலாம் என்பதற்குப் பூர்வ சாட்சியாக நிற்கிறது டுப்ரோவ்னிக். ரகூசா என்ற பெயரோடு குடியரசாக விளங்கிய அந்நகரம், சுற்றிலும் இருந்த வெனிஸ், ஹங்கேரி, துருக்கி ஆகிய வல்லரசுகளிடையே, ஒருவருக்குக் கப்பம், மற்றொருவருக்கு வணக்கம், எல்லோருக்கும் வியாபாரம் என்ற இராஜதந்திரத்தால் 1808-ல் நெப்போலியனின் தளபதி அதைக் கலைக்கும் வரையில் நிலைத்திருந்தது. தலைவர் பதவியின் காலம் ஒரே மாதம். அதிகாரம் ஒருவர் கையில் தங்கிவிடலாகாது என்ற ஜாக்கிரதை அவ்வளவு. 1416-லேயே அடிமை வியாபாரத்தைத் தடுத்துச் சட்டம் செய்த ஊர் அது. அதற்கும் முன்பு, 1377-ல், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் ஒரு மாத காலம் அருகிலுள்ள தீவுத்திட்டிலோ சவ்தாட் என்ற ஊரிலோ தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம் என்று அதன் பெருஞ்சபை கட்டளையிட்டது. கப்பல்களின் வரவால் பிழைத்த ஊர்தான். ஆயினும், வருகிறவர் யார், எப்போது, எவ்விதம் வரலாம் என்று நிர்ணயிக்கும் உரிமை தன்னுடையதே என்பதில் அதற்குச் சந்தேகம் இருக்கவில்லை. வியாபாரத்துக்கு விரோதமான செய்கை என்று அதை யாரும் இன்று சொல்லமாட்டார்கள். உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் பின்னர் அதே வழியைப் பின்பற்றின.

அந்த நகரத்தின் சமீப காலத்துச் சரித்திரம் வேறு விதமானது. 1667-ஆம் ஆண்டின் பூகம்பத்திலிருந்து மீண்ட அதை, குரோஷியாவின் சுதந்திரப் போரில், 1991 டிசம்பரில், பீரங்கிக் குண்டுகள் தாக்கின. யுனெஸ்கோ அதை அபாயத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்து, கூரைகளும் கல்தளங்களும் செப்பனிடப்பட்ட பின் 1998-ல்தான் நீக்கியது. குண்டுக்குத் தப்பிய ஊர் அடுத்த இருபது ஆண்டுகளில் கூட்டத்தில் சிக்கிக்கொண்டது. ஒரே காலையில் பல பெருங்கப்பல்கள் க்ரூஷ் துறைமுகத்துக்கு வந்து, ஆயிரக்கணக்கானோரைப் பஸ்களில் ஏற்றி, கோட்டை வாயிலில் இறக்கிவிட, சுமார் முந்நூறு மீட்டர் நீளமுள்ள ஸ்ட்ராடுன் என்ற பிரதான வீதியில் அடி எடுத்து வைப்பதே பிரயாசையாயிற்று. புகழ்பெற்ற ஒரு தொலைக்காட்சித் தொடர் அங்கே படமாக்கப்பட்டதும் கூட்டத்தைப் பெருக்கியது. 1991-ல் மதிலுக்குள் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். இன்று அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட அங்கே இல்லை. மளிகைக் கடை இருந்த இடத்தில் ஞாபகார்த்தப் பொம்மைக் கடை வந்தால், மாடிவீடு பிரயாணிகளின் வாடகை அறையானால், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பம் வேறென்ன செய்யும்? ஊரை விட்டுப் போகத்தான் செய்யும்.

நகரசபை விழித்துக்கொண்டது. பெருங்கப்பல்கள் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் இராதபடியும், அவற்றின் பிரயாணிகள் ஒரே வேளையில் நாலாயிரத்துக்கு மேற்படாதபடியும் அட்டவணையை வகுத்து, கப்பல் கம்பெனிகளின் சங்கத்தோடு 2019-ல் உடன்படிக்கை செய்துகொண்டது. டால்மேஷியாவின் பழைய எஜமானியான வெனிஸோ, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒரு பெருங்கப்பல் கட்டுமீறித் துறையிலும் சுற்றுலாப் படகிலும் மோதிய பிறகும் தயங்கி நின்று, 2021 ஆகஸ்டில்தான் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தன் ஜுடெக்கா கால்வாயில் ஓடலாகாது என்ற இத்தாலிய அரசின் ஆணையைப் பெற்றது. இரண்டு ஊர்களும் முடிவில் கண்டது ஒரே உண்மை: வரம்பு விதித்தால் வியாபாரம் கெட்டுவிடாது, விதிக்காவிட்டால் ஊர் கெட்டுவிடும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை அலட்சியம் செய்வது நியாயமன்று. பெருங்கப்பல்தான் நடுத்தர வர்க்கத்தாருக்கும் முதியோருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் சமுத்திர யாத்திரையை எட்டச் செய்தது; சிறு கப்பலைப் புகழ்வது செல்வந்தரின் ஏகாந்தத்தைப் புகழ்வதாகும் என்பார்கள். சக்கர நாற்காலிக்காரரைப் பற்றிய பகுதி உண்மை; செங்குத்தான ஏணிகளும் தளத்துக்குத் தளம் தாண்டும் துறைகளும் அவர்களுக்குத் தடையே, அதைக் கப்பல் கட்டுவோர் தீர்த்தாக வேண்டும். ஆனால் சிக்கனத்தைப் பற்றிய பகுதிக்கு டால்மேஷியாவே பதில் சொல்லுகிறது. 1947-ல் நிறுவப்பட்டு அரசின் வசத்திலுள்ள யாட்ரோலினியா என்னும் கப்பல் ஸ்தாபனம், தீவுவாசிகளின் போக்குவரத்துக்காக ஆண்டு முழுவதும் கலங்களை ஓட்டிவருகிறது. மூட்டை முடிச்சுகளோடு வரும் கிழவிக்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிரயாணி தீவு தீவாகச் சென்று, ஊரில் அறை எடுத்துத் தங்கி, அடுத்த நாள் வேறொரு கலத்தில் ஏறிப் போகலாம். சிறு கப்பல் யாத்திரையின் மிக எளிய வடிவம் அதுவே. அதற்குச் செல்வந்தராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சிறு கப்பல் என்பதாலேயே அது குற்றமற்றது என்று சாதிக்கவும் நாம் முன்வரவில்லை. விலாவோடு விலா கட்டிய ஏழெட்டுக் கப்பல்களின் இயந்திரங்கள் இரவெல்லாம் இரைந்தால் துறையோரத்து வீடுகளில் தூக்கம் இராது. நங்கூரம் இழுபடும் இடத்தில் கடலடிப் புல்வெளி சிதைந்து, மீன் குஞ்சு பொரிக்கும் இடம் அழியும். இளைஞர்களைக் கூட்டிவந்து குடித்துக் கூத்தாட வைப்பதையே தொழிலாகக் கொண்ட படகுகளால் ஹ்வார் நகரம் சலித்துப்போய், பொதுவிடத்தில் குடிப்போருக்கும் அரைகுறை ஆடையோடு திரிவோருக்கும் 2017-ல் கடும் அபராதங்களை அறிவிக்க நேர்ந்தது. நாற்பது பேர் கொண்ட கப்பல் ஐம்பது சேர்ந்தால் இரண்டாயிரம் பேர் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. எனவே கப்பலின் அளவு மட்டும் விமோசனம் தராது. ஆனால் பெருங்கப்பலுக்கும் சிறு கப்பல்களுக்கும் ஒரு வித்தியாசம் நிலைத்திருக்கிறது: துறையில் இடம் இல்லையென்றால் சிறு கப்பல் அடுத்த ஊருக்குப் போகலாம், துறைமுக அதிகாரி கையசைத்து அதை அனுப்பிவிட முடியும். ஒரே கலத்தில் நாலாயிரம் பேரோடு வந்து நிற்பவனிடம், ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டுகிறவனிடம், சிறு நகரசபை என்ன சொல்ல முடியும்?

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு பழந்துறையும் தன் தண்ணீர், சாக்கடை, தெருவின் அகலம், குடிகளின் எண்ணிக்கை இவற்றை முதலில் கணக்கிட்டு, ஒரு நாளில் தான் ஏற்கக்கூடிய விருந்தினரின் தொகையை முன்கூட்டியே பிரகடனம் செய்ய வேண்டும். அத்தொகைக்குள், இரவு தங்கும் கலங்களுக்கு முதல் இடமும், சில மணி நேரம் நின்று ஓடுபவற்றுக்கு எஞ்சிய இடமும் ஒதுக்க வேண்டும். துறையில் கட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் கொடுத்து இயந்திரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். துறைமுக வரியில் ஒரு பங்கு, ஊருக்குள் குடியிருக்கும் குடும்பங்களின் வீடுகளைப் பழுது பார்க்கப் போய்ச் சேர வேண்டும். இவற்றில் எதுவும் அசாத்தியமல்ல. 1377-ஆம் ஆண்டின் பெருஞ்சபை இவற்றைவிடக் கடினமான கட்டளையைப் போட்டு நிறைவேற்றியிருக்கிறது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மவர்களும் விடுமுறைக்கு அயல்நாட்டுக் கப்பல் யாத்திரைகளைத் தேடிச் செல்லும் காலம் இது. சீட்டு வாங்குமுன், கப்பலில் நீச்சல் குளம் எத்தனை, நாடக அரங்கு எத்தனை என்று விசாரிப்பதைச் சற்று ஒத்திவைத்து, அது ஊரில் இரவு தங்குமா, இராச் சாப்பாட்டுக்கு நீங்கள் கரையேறுவீர்களா, உங்களோடு அந்தத் துறையில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்கு நேரான பதில் வராத கப்பலில் ஏறாதீர்கள்.